இரண்டு பதவிக்காரரின் கதையை இருபது நிமிடத்தில் சொல்வது எப்படி

காரைக்குடியில் ஞாயிறு மாலை நாங்கள் கூடும் வீட்டு முகப்பில் விதி ஒன்றுதான். ஒருவர் ஒரு மனிதரின் வாழ்க்கையை இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டும், அப்புறம் கேள்வி. புதிதாகப் பேச வருகிறவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். நான் சரித்திரம் படித்தவன் இல்லை, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். தேதியையும் தொகையையும் பார்த்தால் விடமாட்டேன் என்பதால் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள்.

கொஞ்ச நாளாக எல்லோரும் ஒரே ரக ஆளைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்: அரசியலிலும் இருந்தவர், ஒரு விளையாட்டுக்கும் தலைவராக இருந்தவர். பார்க்க எளிதாகத் தெரியும், மேடையில் ஏறியதும் மாட்டிக்கொள்வார்கள். “இந்த ஆண்டு இந்தப் பதவி, அந்த ஆண்டு அந்தப் பதவி” என்று அடுக்குவதிலேயே பன்னிரண்டு நிமிடம் போய்விடும். அதனால் ஹேப்பி சாண்ட்லர் என்ற அமெரிக்கரை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, இந்த ரகக் கதையை நான் எப்படித் தயார் செய்யச் சொல்கிறேன் என்று எழுதுகிறேன். கென்டக்கி மாநிலத்துக்கு இரண்டு முறை ஆளுநர், அமெரிக்க செனட்டர், நடுவில் 1945 முதல் 1951 வரை தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்துக்குக் கமிஷனர். 1898-ல் பிறந்து 1991-ல் இறந்தவர்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது

இந்த ஊரில் இப்படி ஒரு தலைப்பைச் சொன்னால் முதலில் வரும் பெயர் எம்.ஏ. சிதம்பரம். கானாடுகாத்தான் ராஜா குடும்பம், 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர், சேப்பாக்கம் மைதானம் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் அவர் தொழிலதிபர். அரசியலில் பெயர் வாங்கியது அண்ணன் முத்தையா செட்டியார். அண்ணன் அரசியலையும் தம்பி கிரிக்கெட்டையும் ஒரே ஆள் கணக்கில் எழுத முடியாது.

நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். விளையாட்டுப் பதவியில் இவர் எடுத்த ஏதாவது ஒரு முடிவால் யாருடைய பிழைப்பாவது மாறியதா? மாறியது என்றால் அந்த ஆளின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் வராவிட்டால் அது மாலை போட்டுக்கொள்ளும் பதவி. அதற்கு இருபது நிமிடம் வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

சாண்ட்லர் விஷயத்தில் பெயர் கேட்ட மாத்திரத்தில் வரும். ஜாக்கி ராபின்சன் வருவார், லியோ டூரோச்சர் வருவார், டேனி கார்டெல்லா வருவார். அந்தக் கடைசி ஆள் 1946-ல் அதிகச் சம்பளத்துக்கு மெக்சிகோ லீக்குக்குப் போனவர். போன வீரர்கள் எல்லோருக்கும் ஐந்து ஆண்டுத் தடை போட்டார் சாண்ட்லர். கார்டெல்லா வழக்குப் போட்டார், 1949-ல் தடையை விலக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையை உங்கள் பேச்சில் சேர்க்க இடமிருக்காது. ஆனால் கேள்வி நேரத்துக்குக் கையில் இருக்கட்டும்.

ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்க உட்காராதீர்கள்

பேஸ்பால் எப்படி ஆடுவது என்று விளக்க ஆரம்பித்தால் அன்றைய பொழுது அதோடு சரி. யாரோ ஒருவர் “கிரிக்கெட்டில் இது அவுட்டா இல்லையா” என்று கேட்பார், இன்னொருவர் பதில் சொல்வார், நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். மட்டையும் பந்தும் உள்ள ஆட்டம், அவ்வளவுதான். மூன்றே விஷயம் சொன்னால் போதும்.

ஒன்று: அப்போது பெரிய லீக்கில் பதினாறு அணிகள், ஒவ்வொன்றுக்கும் முதலாளி உண்டு. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அணியாகப் பார்த்து விடுவித்தால்தான் வீரர் வேறு அணிக்குப் போகலாம். இரண்டு: 1919-ல் சிகாகோ அணியின் எட்டு வீரர்கள் சூதாடிகளிடம் பணம் வாங்கிக்கொண்டு இறுதிப் போட்டித் தொடரில் தோற்க ஒத்துக்கொண்டார்கள் என்று பெரிய ஊழல் வெடித்தது. ஆட்டத்தின் மானத்தைக் காப்பாற்ற 1920-ல் கென்னசா மவுண்டன் லாண்டிஸ் என்ற நீதிபதியைக் கமிஷனராக உட்கார வைத்தார்கள். முதலாளிகளையே தண்டிக்கும் அதிகாரத்தோடு வந்த மனிதர், 1944 நவம்பரில் சாகும் வரை நாற்காலியை விடவில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: கமிஷனருக்குச் சம்பளம் கொடுப்பதும் முதலாளிகள், அவரைத் தேர்ந்தெடுப்பதும் முதலாளிகள். தன்னை வேலைக்கு வைத்தவர்களையே கண்டிக்க வேண்டிய வேலை.

இந்த மூன்றாவதை முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். பின்னால் அவர் வேலை போனதன் காரணம் இதில்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் கடைசியில் கதை நொண்டும்.

நீளத் தாளில் தேதி போடுங்கள்

அரைத்தாள் நோட்டு உதவாது. கடைகளில் கிடைக்கும் பழுப்புத்தாளை நீளமாக வெட்டி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் அரசியல், வலப்பக்கம் விளையாட்டு என்று எழுதுங்கள். ஆண்டு மட்டும் போதாது, கிடைத்த இடத்திலெல்லாம் மாதமும் நாளும் வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் நிரம்பும் இடத்தில்தான் கதை இருக்கிறது.

இடப்பக்கத்தைக் கொஞ்சம் நிரப்பிக் காட்டுகிறேன். கோரிடன் என்ற சிற்றூரில் பிறப்பு. சிறு வயதிலேயே தாய் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், தம்பி மரத்திலிருந்து விழுந்து இறந்தான், பையன் பத்திரிகை போட்டுச் சம்பாதித்தான். இதை இரண்டு வாக்கியத்துக்கு மேல் நீட்டாதீர்கள். எல்லாத் தலைவருக்கும் ஏழ்மைக் கதை உண்டு, கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது. கல்லூரியில் எப்போதும் சிரித்த முகமாக இருந்ததால் ‘ஹேப்பி’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. சட்டம் படித்து வெர்சேல்ஸ் என்ற ஊரில் வக்கீலானார். 1929-ல் மாநில செனட்டுக்கும் 1931-ல் துணை ஆளுநர் பதவிக்கும் தேர்வானார்.

அடுத்த வரியில் நிறுத்தி மூச்சு விடுங்கள், அது 1935. ஆளுநர் ரூபி லாஃபூனுக்கும் துணை ஆளுநர் சாண்ட்லருக்கும் விற்பனை வரி விஷயத்தில் ஆகாது. அடுத்த ஆளுநர் வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் தன் இஷ்டப்படி முடிவு செய்துவிடலாம் என்று லாஃபூன் இருந்தார். அவர் வாஷிங்டன் போன நேரம் பார்த்து, ஆளுநர் இல்லாதபோது துணை ஆளுநரே பொறுப்பு என்ற சட்டத்தை வைத்துக்கொண்டு சாண்ட்லர் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டிவிட்டார். கட்சி வாக்காளர்களே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. லாஃபூன் அவசரமாகத் திரும்பி வந்து கூட்டத்தை ரத்து செய்யப் பார்த்தார், நீதிமன்றம் சாண்ட்லர் பக்கம் நின்றது. அந்தத் தேர்தலில் முதல் சுற்றில் பின்தங்கியவர் இரண்டாம் சுற்றில் ஜெயித்து ஆளுநரானார். வந்ததும் விற்பனை வரியை எடுத்தார். கடைத்தெருக்காரர்கள் கூட்டத்தில் இருந்தால் இந்த இடத்தில் ஒரு தலையாட்டல் நிச்சயம் உண்டு.

1938-ல் செனட்டர் ஆல்பென் பார்க்லியை எதிர்த்து நின்றார். பார்க்லிக்கு ஆதரவாக ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே பிரசாரத்துக்கு வந்தார். ரயிலை விட்டு இறங்கி ஜனாதிபதி காரில் ஏறுகிறார், பக்கத்தில் பார்க்லி. மாநில ஆளுநர் என்ற முறையில் வரவேற்க நின்றிருந்த சாண்ட்லர், பார்க்லியைத் தாண்டிக் குதித்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார். பத்திரிகைக்காரர்களின் படத்தில் யாரும் அவரை விட்டுவிட முடியாதபடி. நம் ஊர்க் கட்சி மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், சொல்லிவிட்டுச் சிரிப்பு அடங்கும் வரை நில்லுங்கள். தேர்தலில் தோற்றார் என்பதை அதற்கப்புறம் சொல்லுங்கள், முன்னால் சொன்னால் சிரிப்பு வராது.

1939 அக்டோபரில் மாநிலத்தின் இன்னொரு செனட்டர் இறந்தார். காலியிடத்துக்கு ஆள் நியமிப்பது ஆளுநர் வேலை. தன்னைத் தானே நியமித்தால் நன்றாயிருக்காது. சாண்ட்லர் பதவி விலகினார், துணை ஆளுநர் கீன் ஜான்சன் ஆளுநரானார், புது ஆளுநர் சாண்ட்லரை செனட்டுக்கு அனுப்பினார். 1944 கடைசியில் லாண்டிஸ் இறந்ததும் மறுபடி ஒரு காலி நாற்காலி. 1945 ஏப்ரல் 24 அன்று பேஸ்பால் முதலாளிகள் சாண்ட்லரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மூன்று முறையும் ஆள் இல்லாத நாற்காலிதான் அவருக்கு வழிவிட்டது. தாளில் இந்த மூன்று இடத்தையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இதை நீங்கள் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது முறை வரும்போது முன்வரிசை தானாகவே கண்டுபிடித்துவிடும்.

பணத்தைச் சொல்லும்போது ஒரு வார்த்தை. கமிஷனர் சம்பளம் ஆண்டுக்கு 50,000 டாலர். இன்றைய ரூபாய்க்கு மாற்றிச் சொல்லாதீர்கள், அது யாருக்கும் ஒட்டாத எண். அன்று செனட்டர் சம்பளம் 10,000 டாலர் என்று பக்கத்தில் வையுங்கள், ஐந்து மடங்கு என்பது தானே விளங்கும்.

இப்போது தாளின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரலில் கமிஷனரானவர் செனட் பதவியை விட்டது 1945 நவம்பர் 1-ல்தான். நடுவில் அக்டோபர் 23 அன்று, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் பிராஞ்ச் ரிக்கி ஏற்பாட்டில், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரரை மாண்ட்ரியல் கிளை அணியில் சேர்த்ததாக அறிவிப்பு வந்தது. பெரிய லீக்கில் கறுப்பினத்தவர் ஆடி அறுபது ஆண்டு ஆகியிருந்தது. எழுதப்படாத தடை. அந்த அறிவிப்பு வந்த நாளில் சாண்ட்லர் கமிஷனரும்தான், செனட்டரும்தான். அதுவும் எந்த மாநிலத்து செனட்டர்? வெள்ளைப் பிள்ளைகளும் கறுப்புப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று 1904-லேயே சட்டம் போட்டிருந்த கென்டக்கியின் செனட்டர். ஆண்டை மட்டும் எழுதியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஒரு வாரத்தை மட்டும் விரியுங்கள்

தொண்ணூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தவரை இருபது நிமிடத்தில் எல்லா வயதுக்கும் சமமாகப் பங்கு போட்டால், வயதுக்குப் பதின்மூன்று விநாடி வரும். பங்கு போடாதீர்கள். ஒரு வாரத்துக்கு ஆறு நிமிடம் கொடுங்கள். சாண்ட்லர் கதையில் அந்த வாரம் 1947 ஏப்ரல் 9 முதல் 15 வரை.

ஏப்ரல் 9: புரூக்ளின் அணி மேலாளர் லியோ டூரோச்சரை அந்தப் பருவம் முழுக்க ஆட்டத்திலிருந்து சாண்ட்லர் இடைநீக்கம் செய்தார். சூதாடிகளோடு பழக்கம், வேறு அணிக்காரரோடு பத்திரிகையில் சண்டை என்று பல நாள் புகார்கள் சேர்ந்துபோயிருந்தன. மறுநாள், ஏப்ரல் 10: ராபின்சனை மாண்ட்ரியலிலிருந்து புரூக்ளின் அணிக்கே எடுத்துவிட்டதாக ரிக்கி அறிவித்தார். ஏப்ரல் 15: ராபின்சன் களம் இறங்கினார்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சில வாரங்களுக்கு முன் பயிற்சி முகாமில், ராபின்சனோடு ஆடமாட்டோம் என்று புரூக்ளின் வீரர்கள் சிலர் மனு தயாரித்தபோது, ராத்திரியில் எல்லோரையும் எழுப்பிக் கூட்டி வைத்துத் திட்டி அடக்கியவர் இதே டூரோச்சர்தான். அந்த ஆளை ஆட்டம் தொடங்கும் வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் கமிஷனர். அதே கமிஷனர்தான் ராபின்சன் ஆடுவதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அந்த மாதமே பிலடெல்பியா அணி மேலாளர் பென் சாப்மன் ராபின்சனைக் களத்தில் வாய்க்கு வந்தபடி ஏசியபோது எச்சரிக்கை அனுப்பியதும் அவர் அலுவலகம்தான்.

ஏன் இரண்டையும் ஒரே கை செய்தது என்று கேட்பார்கள். காரணம் கற்பிக்காதீர்கள். நடந்ததை நாள் வாரியாகச் சொன்னாலே போதும், கேட்பவர்களே அடித்துக்கொள்வார்கள். எங்கள் முகப்பில் ஒருமுறை வளவுப் பக்கம் வரை சத்தம் போய், உள்ளே இருந்த ஆச்சி வந்து எட்டிப் பார்த்தார்.

அவரே சொன்ன கதையை எங்கே வைப்பது

சாண்ட்லர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. 1947 ஜனவரியில் முதலாளிகள் கூட்டத்தில் ராபின்சன் விஷயம் வாக்குக்கு வந்ததாம், 15-க்கு 1 என்று எதிர்த்தார்களாம். ரிக்கி அவரைத் தேடி வெர்சேல்ஸ் வீட்டுக்கே வந்தாராம். ஒருநாள் தன்னைப் படைத்தவன் முன் நிற்க வேண்டியிருக்கும், நிறத்தைக் காரணமாகச் சொன்னால் அவன் ஒத்துக்கொள்ளமாட்டான் என்று தான் பதில் சொன்னதாகச் சாண்ட்லர் சொல்வார்.

நல்ல கதை. மேடையில் பேசுகிறவர்கள் இதை விடவே மாட்டார்கள். விட வேண்டாம், ஆனால் சாண்ட்லர் வாயால் சொன்னதாகவே சொல்லுங்கள். அந்த வாக்கெடுப்புக்கு அன்றைய கூட்டக் குறிப்பு எதுவும் கிடைக்கவில்லை. 1948-ல் ரிக்கி ஒரு கல்லூரிக் கூட்டத்தில் இதைப் பேசியபோது முதலாளிகள் மறுத்தார்கள். கையில் இருப்பது 1946 ஆகஸ்டில் முதலாளிகளின் குழு தயாரித்த அறிக்கை. கறுப்பின வீரர்களைச் சேர்த்தால் வருமானத்துக்கு என்ன ஆகும் என்ற பயம் அதில் எழுத்திலேயே இருக்கிறது.

அதனால் நான் சொல்லிக்கொடுக்கும் வரிசை இது. முதலில் அறிக்கை, அது காகிதத்தில் இருக்கிறது. அடுத்து ராபின்சன் களம் இறங்கியது, அதை ஊரே பார்த்தது. கடைசியில் “சாண்ட்லர் பிற்காலத்தில் இப்படிச் சொன்னார்” என்று வெர்சேல்ஸ் வீட்டுக் கதை. முதலிலேயே அதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் அதற்குச் சாட்சி போல ஆகிவிடும். தன்னைப் பற்றித் தானே சொன்னதைத் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம். யார் சொன்னது என்பது தெரிந்தால் சரி.

கழித்து மீதியை எழுதாதீர்கள்

இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன். கடையில் ஒருவர் பெயரில் பற்றும் இருக்கும், வரவும் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பையன் இரண்டையும் மனதுக்குள் கழித்து மீதியை மட்டும் பேரேட்டில் எழுதுவான். அப்புறம் எந்தத் தேதியில் என்ன கொடுத்தார், என்ன வாங்கினார் என்று யாராலும் சொல்ல முடியாது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போதும் பெரும்பாலோர் செய்வது இதைத்தான். நல்லதிலிருந்து கெட்டதைக் கழித்து, “மொத்தத்தில் நல்லவர்” என்று ஒரு வரி. இரண்டு பத்தியையும் அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

சாண்ட்லர் கணக்கில் 1951-க்கு அப்புறம் வருகிறவை இவை. 1955-ல் மறுபடி ஆளுநர். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 1956 செப்டம்பரில் ஸ்டர்ஜிஸ், கிளே என்ற ஊர்களில் கறுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் கும்பல் மறித்தது. சாண்ட்லர் தேசியக் காவல் படையை அனுப்பினார், ஸ்டர்ஜிஸ் தெருவில் டாங்கியே நின்றது. அடுத்த ஆண்டு ஆர்கன்சாஸ் மாநில ஆளுநர் அதே மாதிரிப் படையை வைத்துப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்தார் என்பதைப் பக்கத்தில் வைத்தால் அளவு தெரியும்.

அதே மனிதர் 1968-ல், நிறப் பிரிவினைக்காகவே பெயர் வாங்கிய ஜார்ஜ் வாலஸுக்குத் துணை ஜனாதிபதி வேட்பாளராக நிற்கத் தயாராக இருந்தார். பேச்சு முடிகிற நிலைக்கு வந்து, வாலஸின் ஆட்களே வேண்டாம் என்று தடுத்தார்கள். பள்ளியிலும் பேஸ்பாலிலும் கறுப்பரையும் வெள்ளையரையும் கலந்துவிட்டவர் என்பது அவர்கள் புகார். கடைசியில் கர்டிஸ் லெமே என்ற ராணுவத் தளபதியை நிறுத்தினார்கள். 1982-ல் பேஸ்பால் புகழ்மன்றம் சாண்ட்லரைச் சேர்த்துக்கொண்டது. 1988-ல் கென்டக்கிப் பல்கலைக்கழக அறங்காவலர் கூட்டத்தில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல்லை வாய்விட்டுச் சொன்னார். மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், விலகச் சொல்லிக் கோரிக்கை எழுந்தது.

இதை எந்த வரிசையில் வைப்பது? இங்கேதான் பேசுகிறவரின் நேர்மை தெரியும். 1988-ஐக் கடைசியில் வைத்தால் மனிதர் முகமூடி கழன்றதாகத் தோன்றும். 1947-ஐக் கடைசியில் வைத்தால் எல்லாம் மன்னிக்கப்பட்டதாகத் தோன்றும். காலவரிசையை மாற்றாதீர்கள் என்பதுதான் என் பதில். வருத்தப்பட்டுச் சொல்ல வேண்டாம், கண்டித்துச் சொல்லவும் வேண்டாம், தேதியோடு சொல்லுங்கள். இழிசொல்லை மேடையில் உச்சரிக்க வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இருப்பார்கள்.

வேலை போன கதையும் இதே மாதிரிதான். 1947-ல் வீரர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கியது. 1950 கடைசியில் இறுதித் தொடரின் தொலைக்காட்சி உரிமையை ஆறு ஆண்டுக்கு ஆறு மில்லியன் டாலருக்கு விற்றார், அந்தப் பணம் ஓய்வூதியத்துக்குப் போயிற்று. அதே மாதம் ஒப்பந்தத்தை நீட்டிப்பதற்கு முதலாளிகள் வாக்குப் போட்டார்கள். 9 பேர் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு. பாதிக்கு மேல் வந்தும் தோல்வி, ஏனென்றால் விதிப்படி 12 வேண்டும். லட்சக்கணக்கான வாக்காளர்களைக் கையாளத் தெரிந்தவர், பதினாறு வாக்காளர்கள் இருந்த தொகுதியில் தோற்றார் என்பது என் கருத்து. கருத்து என்று சொல்லியே சொல்லுங்கள். 1951 ஜூலையில் விலகினார். அடுத்து வந்தவர் ஃபோர்ட் ஃபிரிக்.

கூடம், மைக், பணியாரம்

செட்டிநாட்டு வீட்டில் பேசுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல இழைத்த முட்டைப்பூச்சு, மேலே உயரமான மரக்கூரை. குரல் எதிலும் பதியாது, திரும்பி வரும். மைக் வைத்தால் இன்னும் மோசம். ‘கென்டக்கி’ என்று சொன்னால் ‘டக்கி டக்கி’ என்று பின்வரிசையில் கேட்கும். முகப்புத் திண்ணையில் ஐம்பது பேருக்குள் என்றால் மைக் வேண்டாம். ஜமுக்காளத்தை இரண்டு மடங்காக விரியுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். தூணுக்குப் பக்கத்தில் நிற்காமல், எல்லோரும் உங்களைச் சுற்றி மூன்று பக்கம் உட்காரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பெயரைச் சொன்னதும் ஒரு நொடி நிறுத்துங்கள்.

பெயர்கள் ஆறுக்கு மேல் வேண்டாம். சாண்ட்லர், லாண்டிஸ், ரிக்கி, ராபின்சன், டூரோச்சர், ரூஸ்வெல்ட். மற்றவர்களை “எதிர் வேட்பாளர்”, “அடுத்த ஆளுநர்” என்று சொன்னால் போதும். பார்க்லி பிற்பாடு துணை ஜனாதிபதி ஆனார் என்பதெல்லாம் உங்களுக்குச் சுவையாக இருக்கும், கேட்பவருக்குச் சுமை.

பணியாரத்தைப் பேச்சுக்கு முன்னால் கொடுக்கச் சொல்லாதீர்கள். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வந்துவிட்டால் 1935 யார் காதிலும் விழாது. கேள்வி நேரம் தொடங்கும்போது வரட்டும், கேள்வியும் காரமாக வரும்.

என்ன கேட்பார்கள்

“சரி தம்பி, அவர் நல்லவரா கெட்டவரா?” ஆச்சிமார் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் கூட்டம் முடிந்ததில்லை. தப்பிக்கப் பார்க்காதீர்கள், மழுப்பலும் வேண்டாம். “ஆச்சி, 1947-ல் செய்ததும் நிஜம், 1956-ல் செய்ததும் நிஜம், 1988-ல் சொன்னதும் நிஜம். நீங்க எந்த வருஷத்தைக் கேக்குறீங்க?” என்று சொல்லலாம். கோபப்பட மாட்டார்கள். “எல்லாத்தையும்தான் கேக்குறேன்” என்பார்கள். அப்போது தாளை எடுத்து மறுபடி வாசியுங்கள்.

இளவட்டங்கள் கேட்பது வேறு: “நம்ம கிரிக்கெட் வாரியத்துல அமைச்சருங்க இருந்தாங்களே?” இதற்குத் தேதியோடு பதில் வையுங்கள். சரத் பவார் 2005 முதல் 2008 வரை வாரியத் தலைவர், 2010 முதல் 2012 வரை சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் தலைவர். இந்தக் காலம் முழுக்க மத்திய வேளாண் அமைச்சரும் அவர்தான். அமைச்சர்கள் வாரியப் பதவியில் இருக்கக் கூடாது என்று லோதா குழு பரிந்துரைத்ததை உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. சாண்ட்லர் இரண்டு பதவியிலும் ஒரே நேரத்தில் இருந்தது ஆறு மாதம்தான் என்பதை ஒப்பிடக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். இன்றைய கட்சிகளைப் பற்றிப் பேச்சு திரும்பினால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்காரர் அடுத்த வாரம் கதவைத் திறக்கமாட்டார்.

அடுத்து யாரை எடுப்பது என்று கேட்கிறவர்களுக்கு நான் கொடுக்கும் பெயர் டாக்டர் பி. சுப்பராயன். குமாரமங்கலம் ஜமீன்தார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதல்வர். 1937 முதல் 1939 வரை ராஜாஜி அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் அவர் பொறுப்பு. 1938 முதல் 1946 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவர். பிறகு இந்தோனேசியாவில் தூதர், மத்திய அமைச்சர், 1962-ல் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போதே இறந்தார். இவருக்குத் தாளில் கோடு போட்டால் 1938-ம் 1939-ம் இரண்டு பக்கமும் நிரம்பி நிற்கும். பள்ளிகளில் கட்டாய இந்திக்கு எதிராக மறியல் நடந்துகொண்டிருந்த அதே மாதங்கள், கல்வி அமைச்சரும் அவர்தான். அங்கிருந்து ஆரம்பியுங்கள். அப்போது கிரிக்கெட் தொழில்முறை ஆட்டம் இல்லை, அதனால் என் சோதனையில் இவர் தேறுவாரா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்: அந்த எட்டு ஆண்டில் அவர் முடிவால் பிழைப்பு மாறிய ஒரு வீரர் பெயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள். பழைய நாளிதழ்களைப் புரட்ட வேண்டியிருக்கும். பழுப்புத்தாள் நான் தருகிறேன்.